ஆள் நடமாட்டம்

அக்டோபர் 14, வெள்ளி

செண்பகம் வாங்கிக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோ மேல் சும்மா கிடந்தது. "மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்காதீங்கம்மா, எதையாவது எழுதுங்க" என்று போன வாரக் கடிதத்திலும் மகள் எழுதியிருந்தாள். நான் ஒன்றும் புழுங்கவில்லை. ஆனால் இத்தனை வெள்ளைத் தாளை வீணாக்க எனக்கு மனசு வராது.

இன்று அதிர்வு மூன்று.

இந்த அணைக்கட்டில் என் வேலை அதை எண்ணுவதுதான். காலை எட்டரைக்கு டிரம்மில் சுற்றிய தாளைக் கழற்றணும், புதுத் தாள் சுற்றணும், பேனாவுக்கு மை விடணும், கடிகாரம் சரிபார்க்கணும். பிறகு பழைய தாளை மேசையில் விரித்துப் பூதக்கண்ணாடியோடு உட்காரணும். பேனா ராப்பகலாய்க் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். பூமி அசைந்தால் கோடும் அசையும். அசைவைப் பிடிக்கிற கருவி என் அறையில் இல்லை. கொஞ்சம் தள்ளி, மலைப் படிக்கட்டின் ஓரம், சிமெண்ட் மூடி போட்ட குழிக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒயர் வழியாகப் பேனாவுக்குச் செய்தி வரும்.

இந்த அதிர்வுகள் ஒரு மனுஷனுக்கும் தெரியாது. டம்ளர் தண்ணீர்கூட அலுங்காது. மழைக்கு அணை நிரம்ப நிரம்ப, அந்தப் பாரத்துக்கு அடிப்பாறை கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து உட்காரும். பெரிதாக ஒன்று வருவதானால் முதலில் சின்னது எண்ணிக்கையில் கூடும் என்பார்கள், கூடாமலும் வரலாம் என்பார்கள். அதனால்தான் எண்ணுகிறோம்.

கருவிக்கு ஆள், மாடு, லாரி எல்லாம் ஒன்றுதான். எது நடந்தாலும் எழுதிவிடும். பிரித்துப் பார்ப்பது என் பாடு. அதிர்வு என்றால் சட்டென்று குத்தி எழும்பி அடங்கும். ஆள் நடந்தால் கோடு மெல்லப் பெருத்து மெல்ல இளைக்கும், நூல் சுற்றிய கதிர் மாதிரி. அதைக் கண்டால் ஓரத்தில் பென்சிலால் "ஆ.ந." என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடணும். ஆள் நடமாட்டம். அதை அளக்கவும் வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். பதினோரு வருஷமாய் இப்படித்தான். "இங்கு நடமாடாதீர்" என்று பலகை எழுதிக் குழியோரம் நட்டவளும் நான்தான். ஆனால் படிக்கட்டு அந்த வழியாகத்தானே போகிறது. என் வீட்டுக்காரர் ஏறித்தான் ஆகணும்.

இவர் இந்த அணையில் லஸ்கர், தண்ணீரைப் பார்த்து அளக்கிற ஆள். கொம்பையா என்றால் அணைக்குக் கீழே இருக்கிற கீழூரில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலை பத்து பத்துக்குப் புறப்பட்டு, நூற்றிப் பதினாறு படி ஏறி அணை மேலே போய், அங்கிருந்து அணைக்குள் சுரங்கம் மாதிரி போகிற கேலரிக்கு இறங்குவார். அணையில் கசிகிற தண்ணீரெல்லாம் அங்கே ஒரு தகட்டு வெட்டு வழியாக ஓடும். அது எத்தனை சென்டிமீட்டர் உயரம் ஓடுகிறது என்று அளந்து வருவார்.

ஆகஸ்டில் தென்காசிச் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் தனியாகத்தான் உள்ளே போனார். என்னை வரவேண்டாம் என்றார். வெளியே வந்து, "வெறும் வாயுட்டி, பருப்பு ஆகாதுன்னுட்டாரு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் பருப்பு கிடையாது. ஆனாலும் இவர் படி ஏறப் போகும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரே வாயு என்ற பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

அக்டோபர் 15, சனி

நான்கு. மழை. மாவு புளித்துப் பொங்கி அடுக்களை முழுக்க வழிந்துவிட்டது.

அக்டோபர் 19, புதன்

ஏழு.

எழுதும்போதே கை தயங்கியது. காரணம், ஒரு சுற்றறிக்கை. போன வருஷம் வடக்கே லாத்தூரில் பூகம்பம் வந்த பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து என் அறையில் நின்றார்கள். "அதிர்வு கூடினா என்னம்மா செய்யலாம்?" என்று ஒருத்தர் கேட்டார். நான் முந்திரிக்கொட்டையாய், "கசிவையும் சேத்துப் பாக்கணும் சார். ஒரு நாளைக்கு அஞ்சுக்கு மேல போனா ரெண்டு வேளை அளக்கணும். பத்துக்கு மேல போனா மூணு வேளை" என்றேன். அதை அப்படியே டைப் அடித்துச் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கேசரிகூடக் கிண்டினேன். அளக்க ஏறப்போவது யார் கால் என்று அப்போது நினைக்கவில்லை.

வயர்லெஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்கு ஏழு என்று சொல்லிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் உதவி இன்ஜினியர், ஏ.இ. ஜெபராஜ் சார் வந்துவிட்டார். "கொம்பையா, இன்னையிலேருந்து மத்தியானம் ரெண்டு மணிக்கும் ஒரு தடவை போயிருங்க."

"எம் பொண்டாட்டி பேனாவுக்கு நான் கூலியாளு சார்" என்று இவர் சிரித்தார்.

சார் போன பிறகு கேட்டேன். "வேற யாரையாவது போகச் சொன்னா என்ன?"

"எவனச் சொல்ல? தகட்டுல பாசி புடிச்சிருந்தா ரெண்டு மில்லி கூடுதலா காட்டும். தேய்ச்சு விட்டு, தண்ணி அமர்ந்த பொறவு அளக்கணும். அவனுவ போன உடனே குனிஞ்சு எழுதிட்டு வந்துருவானுவ."

"நெஞ்சு சரியில்லன்னு ஒரு தாள் எழுதிக் குடுங்களேன்."

"குடுத்தா மறுநாளே தென்காசி ஆபீஸ்ல ஃபைலு தூக்கப் போட்டுருவான். நான் இந்தத் தண்ணியப் பாத்துட்டே இருபத்தாறு வருஷம் இருந்துட்டேன். நெஞ்சுக்கு என்ன, அது நல்லாத்தான் கெடக்கு. நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

அக்டோபர் 21, வெள்ளி

ஆறு. இவர் தலைக்கு இரண்டு தலையணை கேட்டார். தாழப் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மழைக்காலத்தில் எல்லோருக்கும் சளி கட்டும்தான். தோசையில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார்.

அக்டோபர் 24, திங்கள்

எட்டு.

பால் கொண்டுவரும் தாயம்மாள் செம்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "ஏக்கா, பூமி ஆடுதாமே? பிள்ளைகள எங்க அம்மை வீட்டுக்கு அனுப்பிரவா?"

"உனக்கு ஏதாவது ஆடுன மாதிரி இருந்துச்சா?"

"இல்ல."

"பொறவு என்ன? ஆடினா நான் சொல்லமாட்டேனா?"

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்று அவள் நிம்மதியாய்ப் போனாள். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. கீழூரில் நானூறு வீடு. அத்தனை பேரும் நான் எழுதுகிற எண்ணை நம்பி உலை வைக்கிறார்கள்.

இவர் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. பீடியை விட்டு நாலு வருஷம் ஆகிறதே என்று கொஞ்சம் கோபத்தோடு திறந்தேன். தீக்குச்சி இல்லை. குட்டிக் குட்டியாய் வெள்ளை மாத்திரை. கேட்டதற்கு, "வாயு மாத்திரை. தண்ணி வேண்டாம், சும்மா வாயில போட்டுக்கிடலாம்" என்றார். பதினொன்று இருந்தது. எண்ணியே பழகிவிட்டது.

அக்டோபர் 26, புதன்

எட்டு. இன்றைக்கு மத்தியானம் இவர் சட்டை நனைந்து வந்தார். மழை என்றார். குடை கொண்டு போயிருந்தார். குடையும் நனைந்துதான் இருந்தது. சட்டையில் நெஞ்சும் முதுகும் மட்டும் ஈரம், தோள்பட்டை காய்ந்திருந்தது. தீப்பெட்டியில் ஏழு.

அக்டோபர் 27, வியாழன்

ஒன்பது.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். பதினொன்று.

முதலில் எண்ணியபோதே பதினொன்று. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எண்ணினேன். அதே பதினொன்று. பத்துக்கு மேல் போனால் மூன்று வேளை. அப்படியானால் மலைப்படி முந்நூற்று நாற்பத்தெட்டு, கேலரிப்படி தனி.

இரண்டு அதிர்வு ரொம்பச் சின்னது. காலை பத்து மணியைச் சுற்றி, இவர் படி ஏறுகிற கதிருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதைக் காலடி என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. பென்சிலை எடுத்து இரண்டுக்கும் "ஆ.ந." போட்டேன். வயர்லெஸ்ஸில் "ஒன்பது" என்றேன். அந்தப் பக்கம், "ஒன்பது, சரி" என்றார்கள். அவ்வளவு லேசாக இருந்தது.

பதினோரு வருஷத்தில் ஒரு தடவை. இரண்டு குறைந்தால் மலை இடிந்து விழுந்துவிடாது.

சாயங்காலம் தாயம்மாள் எதிரே வந்தாள். நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

அக்டோபர் 28, வெள்ளி

எட்டு. இது நிஜமான எட்டு.

மத்தியானம் இவர் கேலரியிலிருந்து யோசனையோடு வந்தார். கசிவு மூன்று புள்ளி ஒன்றாக இருந்தது, மூன்று புள்ளி நான்காகிவிட்டதாம். பாசி தேய்த்து இரண்டு தடவை அளந்தாராம்.

"கணக்கு ஒத்து வரலயே வடிவு. ஒன் அதிர்வு கூடலன்னா, என் தண்ணி மட்டும் எதுக்குக் கூடணும்?"

"மழைத் தண்ணி எறங்கியிருக்கும்."

"மழைத்தண்ணி கலங்கலா வரும். இது தெளிவா வருது. எதுக்கும் அஞ்சு மணிக்கும் ஒருவாட்டி போயி பாத்துட்டு வந்துருதேன்."

"யாரு போகச் சொன்னா? ரெண்டு வேளைன்னுதான் உத்தரவு."

"யாரு சொல்லணும்? தண்ணி கூடியிருக்குல்லா" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவரைக் காப்பாற்றத்தான் இரண்டை முழுங்கினேன். முழுங்கியும் மூன்றாவது தடவை போனார். வாசலில் நின்று முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

அக்டோபர் 29, சனி

எங்கே ஆரம்பிக்க என்று தெரியவில்லை. வரிசையாய் எழுதுகிறேன்.

காலையில் ஜெபராஜ் சார் வந்தார். "கசிவு கூடுது, அதிர்வு மட்டும் கூடல. வியாழக்கிழமைத் தாள்ல ஏதாவது விட்டுப் போயிருக்குமாம்மா? ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்றார். திட்டவில்லை, சந்தேகமும் படவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "பாக்கேன் சார்" என்றேன்.

வியாழக்கிழமைத் தாளை விரித்தேன். நான் காலடி என்று பொய் சொன்ன இரண்டும் அதிர்வுதான் என்று அளந்து காட்டினால்தான் திருத்தி எழுத முடியும். அதற்கு நடுவில் இருக்கிற நிஜக் காலடியையும் அளந்து பக்கத்தில் வைக்கணும். அதனால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, "ஆ.ந." என்று போட்டு ஒதுக்கிய ஒன்றின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தேன்.

அது ஒரு கதிர் இல்லை. நான்கு துண்டு.

கோடு பெருக்கிறது, சட்டென்று நேராகிறது. மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றுமே இல்லை. மறுபடி பெருக்கிறது, மறுபடி நேராகிறது. தாளில் ஒரு நிமிஷம் ஆறு சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் என்றால் அரை நிமிஷம். இவர் படியில் நின்றிருக்கிறார். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம்.

அலமாரியிலிருந்து பழைய கட்டுகளை இழுத்துக் கீழே போட்டேன். ஜூன் மாதம்: ஒரே கதிர், ஒன்பது சென்டிமீட்டர், ஒன்றரை நிமிஷத்தில் விறுவிறுவென்று ஏறியிருக்கிறார். ஜூலைக் கடைசி: பத்தரை. ஆகஸ்ட், சந்தைக்குப் போன வாரம்: பன்னிரண்டு, நடுவில் ஒரு வெட்டு. செப்டம்பர்: பதினைந்து, இரண்டு வெட்டு. நேற்று சாயங்காலம் ஐந்து மணி: இருபத்தாறு. வெட்டுகளை எண்ணவில்லை.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் கையெழுத்தில் ஆ.ந., ஆ.ந., ஆ.ந. மூன்று மாதமாய் இந்த மனுஷன் தினமும் எனக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பாறைக்கு உள்ளே அரை மில்லிமீட்டர் அசைந்தால் கண்டுபிடிக்கிற நான் அதன்மேல் பென்சிலால் கோடு போட்டுத் தள்ளியிருக்கிறேன். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அழுதுகொண்டே இருந்தேன், மணி இரண்டு ஆனது தெரியவில்லை.

பேனா அசையத் தொடங்கியது. இவர் ஏறுகிறார்.

ஓடிப்போய் நிறுத்தியிருக்கணும். ஆனால் பேனாவை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. கோடு பெருத்தது. நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முப்பத்தைந்தில் மறுபடி அசைந்தது. "அப்பாடா" என்றேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. எண்ணினேன். முப்பது. நாற்பது. ஐம்பது. நிமிஷத்துக்கு ஒரு தடவை விழுகிற குறி விழுந்தது. கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நேரான கோட்டை இந்தத் தாளில் நான் பார்த்ததே இல்லை.

செருப்புப் போடாமல் ஓடினேன்.

குழிக்கு மேலே, பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். குடை தனியாகக் கீழே உருண்டு கிடந்தது. முகம் சாம்பலாய் இருந்தது. என்னைப் பார்த்து, "நீ எதுக்கு மழையில வாரே" என்றார். நாக்குக்கு அடியில் மாத்திரை இருந்ததால் பேச்சு குழறியது.

"எத்தனை நாளா இப்படி நின்னு நின்னு போறீக?"

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. தாள்ல இருக்கு. ஜூன்ல ஒம்பது சென்டிமீட்டர். நேத்து இருபத்தாறு."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார், குழி மூடியைப் பார்த்தார். "அட, இத நான் யோசிக்கவே இல்லயே" என்றார். பிடிபட்ட திருடன் மாதிரி லேசாகச் சிரிக்கவும் செய்தார். "டாக்டர் படி ஏறக் கூடாதுன்னாரு. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. போனா திரும்ப இங்க விடமாட்டான்னு பயந்துட்டேன் வடிவு."

"வாயுன்னு சொன்னீகளே. நான் பருப்ப நிறுத்தினேனே."

"பருப்பு இல்லாம எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

அந்த இடத்தில் என் பொய்யையும் சொல்லிவிட்டேன். பதினொன்றை ஒன்பதாக்கியதை. சொன்ன உடனே இவர் முகம் மாறிவிட்டது. வலியில்கூட அப்படி மாறவில்லை.

"நானூறு வீடு இருக்கு கீழ. எம் ஒருத்தன் நெஞ்சுக்காக ரெண்ட முழுங்கினியா? நான் ஒரு நாளாவது அளவக் கூட்டிக் குறைச்சு எழுதியிருக்கேனாட்டி?"

"உடம்ப மட்டும் குறைச்சு எழுதினீகளே."

மழை பெய்துகொண்டே இருந்தது. கடைசியில் இவர், "சரி. நீ போயி பதினொண்ணுன்னு திருத்து. நான் ஜீப்பு ஏறுதேன்" என்றார்.

நான் கத்தியதில் ஜெபராஜ் சாரும் ஷட்டர் ஆட்களும் ஓடிவந்தார்கள். இவரை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். ஜீப்பில் ஏற்றும்போது சாரின் கையைப் பிடித்து, "ரெண்டு மணி அளவு எடுக்கல சார். பாசியத் தேய்ச்சிட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றார். ஜீப் கிளம்புவதற்கு முன்னால் நானும் சாரிடம் என் ஒன்பதைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னால் கூடப் போக முடியவில்லை. எனக்குப் பதிலாகத் தாள் மாற்றத் தெரிந்தவர் இந்த மலையில் யாரும் இல்லை.

திருத்தத்தை வயர்லெஸ்ஸில் சொன்னேன். "பதினொன்று. முன்பு சொன்ன ஒன்பது தவறு. தவறு என்னுடையது." பிறகு இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே படி ஏறினேன். கேலரிக்குள் இறங்கித் தகட்டைத் தேய்த்தேன், தண்ணீர் அமரக் காத்திருந்தேன். மூன்று புள்ளி ஆறு. இந்தப் படியையா மூன்று மாதமாய் அந்த நெஞ்சோடு ஏறினார்?

அக்டோபர் 30, ஞாயிறு

பதின்மூன்று. பத்து பத்துக்குக் கோடு சுத்தமாய் இருக்கிறது.

தண்ணீரை ஆறடி இறக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. மூன்று ஷட்டரையும் திறந்துவிட்டார்கள். கீழூருக்குத் தண்டோரா போட்டு, ஆற்றோரத்து வீடுகளைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். தாயம்மாள் இன்றைக்குப் பால் கொண்டுவரவில்லை.

அக்டோபர் 31, திங்கள்

பதினான்கு. மதுரை ஆஸ்பத்திரியில் இவரோடு செண்பகம் இருக்கிறாள். இங்கே போன் கம்பி மழையில் விழுந்துவிட்டது. வயர்லெஸ் ஒன்றுதான், அதில் ஆபீஸ் செய்தி மட்டும்தான் சொல்லலாம். மத்தியானம் நீர்மட்டம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்க ஆப்பரேட்டர் அதே குரலில், "லஸ்கர் ஒருவர். நிலை: நேற்று இருந்தபடி. மூன்று இடத்தில் அடைப்பு. கசிவு இல்லை" என்றார். கசிவு இல்லை என்று எதற்குச் சொன்னாரோ. அவருக்கும் வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை போல. "பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 1

பன்னிரண்டு. சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

நவம்பர் 5, சனி

ஐந்து. தண்ணீர் இறங்க இறங்கக் குறைகிறது. தீபாவளி வந்து போயிற்று. கீழூர்க்காரர்கள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அவர்கள் போட்ட வெடி அத்தனையும் தாளில் விழுந்து, அன்றைக்கு எண்ணி முடிக்க மதியமாகிவிட்டது. தாயம்மாள் அதிரசம் கொண்டுவந்தாள். "நீங்க சொல்லாட்டி நாங்க எங்கக்கா போயிருப்போம்" என்றாள். இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி சொன்னேன். "விடுங்கக்கா, இப்பத்தான் சொல்லிட்டீகளே" என்று போய்விட்டாள்.

நாளை மாற்று ஆள் வருகிறார். ஒரு வாரம். மதுரையில் இவருக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். தாள் எப்படி மாற்றுவது என்று நாலு பக்கம் எழுதி வைத்தேன்.

நவம்பர் 14, திங்கள்

மூன்று.

இருக்கிறார். இந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுதத் தெம்பில்லை.

மேசைமேல் மெமோ காத்திருந்தது. அதிர்வு எண்ணிக்கையைத் தவறாக அறிவித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில், "தெரிந்தே குறைத்தேன். இனி செய்யமாட்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 1, வியாழன்

இரண்டு. இவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். படி கூடாது, பாரம் கூடாது, தரையில் தினமும் கொஞ்சம் நடக்கலாம். தென்காசிக்கு மாற்றவில்லை. ஜெபராஜ் சார் எப்படியோ பேசி, கீழேயே நீர்மட்டப் பதிவேடு எழுதப் போட்டுவிட்டார். கேலரிக்கு வேறொரு ஆள் போகிறார், காலை ஒன்பது மணிக்கே. கோடு தடிமனாய் விழுகிறது, அத்தனை கனத்த நடை. இவர் அவரைத் தினமும் கூப்பிட்டு வைத்து, பாசி தேய்த்தாயா என்று கேட்டு உயிரை எடுக்கிறார்.

வீட்டில் பருப்பு வைத்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பர் 9, வெள்ளி

இரண்டு.

காலை நல்ல மழை. கேலரி ஆள் ஒன்பதுக்கே போய் இறங்கியாயிற்று. நான் நேற்றைய தாளை அளந்துகொண்டிருந்தேன். பத்து பத்துக்குப் பேனா அசைந்தது.

சின்னக் கதிர். மெல்லப் பெருக்கிறது. யார் நடை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. படி ஏறக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். எழுந்திருக்கப் போனேன், அதற்குள் பேனா நின்றுவிட்டது.

கோடு நேராகப் போகிறது. ஐந்து. பத்து. பதினைந்து.

இருபதுவரை எண்ணவில்லை. குடையும் எடுக்கவில்லை.

படியின் அடியில், குழிக்குப் பக்கத்தில், என் பலகையின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கையில் குடையும் பிளாஸ்கும். முகம் நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"டீ போட்டேன். கொண்டு வந்தேன்."

"ஏன் நின்னீக? எதுக்கு நின்னீக?"

"இந்த மழையில கூப்பிட்டா ஒனக்குக் கேக்காது. நின்னா தெரியும்லா? நின்னேன், வந்துட்டே."

நடுவழி என்றும் பார்க்கவில்லை, மழை என்றும் பார்க்கவில்லை, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது. பிளாஸ்கை என் கையில் கொடுத்துவிட்டு, "தப்புத்தான், தப்புத்தான்" என்று குடையை என் பக்கம் சாய்த்தார். இரண்டு பேரும் நனைந்துவிட்டோம்.

திரும்பி வந்து தாளில் பார்த்தேன். நடை நான்கு சென்டிமீட்டர், பிறகு நிற்றல். நிற்றல் எத்தனை என்று அளக்கவில்லை. ஓரத்தில் "ஆ.ந." என்று போடப் பென்சிலை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

டீயில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாராம்.

நாளையிலிருந்து தினமும் பத்து பத்துக்கு அந்தக் குழியை ஒரு சுற்றுச் சுற்றிப் போகணும், நடுவில் நிற்கவே கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். "நடமாடாதீர்னு நீதானே பலகை வச்சே" என்றார். பலகையைப் பிடுங்கிப் போடுகிறேன் என்றேன்.